அருளாயி எழுதிய ஏழு கேள்விச் சீட்டுகள்

வாயாடி என்று ஊர் சொன்னாலும் எனக்கு வாய்த்த தங்கமே, அருளாயி,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாத மதினி இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பாய். கேட்காமல் இருந்தால் நீ அருளாயியா? சொல்கிறேன், கேள். போன சனிக்கிழமை மதுரையில் ஆசிரியர் மாநாடு நடந்தது. மறுநாள் கோவிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், சங்கத்துப் பத்திரிகைக்காரர் வாசலில் நிற்கிறார். முதல்முறை மேடையேறுகிறவர்கள் சபையின் கேள்விகளுக்குப் பயப்படாமல் பதில் சொல்வது எப்படி என்று நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பக்கத்தில் அந்த வேலைக்கு இப்போது என்னைத்தான் தேடுகிறார்கள். மாநாட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மேடைக்குப் பயந்த வாத்தியார்களும் டீச்சர்களும் திண்டுக்கல் ரோட்டில் பஸ் பிடித்து விளாங்குடிக்கு வந்து இறங்கிவிடுகிறார்கள். "வீடு தர்ம ஆஸ்பத்திரி மாதிரில்ல ஆகிப்போச்சு" என்று உன் அண்ணன் கேலி பேசுகிறார். பேசிவிட்டு அவரே எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுக்கிறார்.

கட்டுரை எழுத உட்கார்ந்தேன். எந்த வரியை எழுதினாலும் அது நீ சொன்னதாகவே இருந்தது. நீ ஐந்தாவதோடு நின்றவள், நான் டிரெயினிங் முடித்த டீச்சர். உன் பேச்சை என் பெயரில் அச்சுப் போட மனம் ஒப்பவில்லை. ஆகவே கட்டுரை வேண்டாம், கடிதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உனக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த சங்கதியையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். நீ தையல் மிஷினை மிதித்துக்கொண்டே கேள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நம் ஊர்ப் பள்ளியில் பெண்பிள்ளைகளின் ஆறாம் வகுப்பை மூடப்போவதாக மேனேஜர் சொன்னார். அந்த வகுப்பு வந்தே சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. "நாலு புள்ளைக்கி ஒரு வகுப்பு எதுக்கு? அஞ்சாவதோட போதும்னு அதுகளே நின்னுக்கிருதுக" என்றார். நான் விடவில்லை. கடைசியில், வகுப்பு இருக்க வேண்டும் என்று மாவட்ட மாநாட்டில் தீர்மானம் நிறைவேறினால் மூடவில்லை என்று ஒப்புக்கொண்டார். தீர்மானத்தைப் பற்றிப் பேச எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள்.

பத்து நிமிஷம் பேசுவதில் எனக்குப் பயமில்லை. எழுதி வைத்துப் படித்துவிடலாம். பயமெல்லாம் கூடையைப் பார்த்துத்தான். எங்கள் மாநாட்டு வழக்கம் அது. பேச்சு முடிந்ததும் ஒரு மூங்கில் கூடை சபையைச் சுற்றி வரும். கேள்வி உள்ளவர்கள் துண்டுச்சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க, பேசியவர் நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொல்வார்கள். அதற்கு முந்தின வருஷம் ஒரு வாத்தியார் மூன்றாவது சீட்டிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கே போய்விட்டார்.

"கூடையை நெனச்சாலே பயமா இருக்கு அருளாயி" என்று உன்னிடம் சொன்னேன்.

"கூடைக்குள்ள பாம்பா இருக்கு? காயிதந்தான மதினி" என்று நீ சிரித்தாய். சிரித்த கையோடு உன் அண்ணனுடைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாய். மாமனாரின் உடைந்த கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டாய். நான் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தொண்டையைச் செருமிவிட்டு, இன்ஸ்பெக்டர் குரலில் நீ முதல் கேள்வியைக் கேட்டாய். நான் உடனே பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

"நில்லுங்க, நில்லுங்க. நான் இன்னும் கேட்டே முடிக்கல. பாதிக் கேள்வியிலயே பதிலத் தூக்கிக்கிட்டு ஓடுறீகளே, யாரும் வெரட்டுறாகளா? முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு, அவரு கேட்டத உங்க வாயால ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க. அவருக்கும் சந்தோசம், ஒங்களுக்கும் யோசிக்க நேரங் கெடைக்கும்."

இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ரவிக்கை தைக்க வருகிற பெண்களிடம் நீ அப்படித்தான் பேசுவாய். "அப்ப, கை முட்டி வரைக்கும், கழுத்து சதுரமா, அம்புட்டுத்தான?" என்று அவர்கள் கேட்டதை அவர்களிடமே ஒப்புவித்துவிட்டுத்தான் துணியில் கத்திரி வைப்பாய். எனக்கு டிரெயினிங் பள்ளியில் இரண்டு வருஷம் பாடம் எடுத்தவர்கள் யாரும் இதைச் சொன்னதில்லை.

அந்த வாரம் முழுக்க என்னை நீ படுத்திய பாடு கொஞ்சமா? துணி காயப்போடும்போது ஒரு கேள்வி, குழம்பு கொதிக்கும்போது ஒரு கேள்வி. ஒருநாள் மூக்குப்பொடி போடுகிற ஹெட்மாஸ்டராக வந்து, கேள்வியே இல்லாமல் கால் மணி நேரம் உன் பெருமையைப் பேசினாய். நான் திணறினேன். "இவரு கேள்வி கேக்க வரல மதினி. தனக்கும் தெரியும்னு காட்ட வந்துருக்காரு. நல்லாச் சொன்னீங்க ஐயான்னு ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்த சீட்டுக்குப் போயிருங்க" என்றாய். இன்னொரு நாள் எனக்குத் தெரியாத எதையோ கேட்டாய். நான் சமாளித்துப் பார்த்தேன். கோட்டைக் கழற்றி என் மேலேயே வீசினாய்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. எதுக்குக் கதை கட்டுறீக? சபையில அம்புட்டுப் பேரு இருக்காகள்ல, தெரிஞ்சவுக சொல்லுங்கன்னு கேளுங்க. மானம் ஒண்ணும் போயிறாது."

ஒரு நாளைக்கு ஒரு கேள்வியை நான் நன்றாகச் சொல்லிவிட்டால், அன்றைக்குக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதி, மிஷின் டிராயருக்குள் போட்டுக்கொண்டாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறாய் என்று நினைத்தேன்.

உனக்கு ஏன் அந்த வகுப்பின் மேல் அவ்வளவு அக்கறை என்பது எனக்குத் தெரியும். உன் காலத்தில் நம் ஊரில் பெண்களுக்கு ஆறாவது கிடையாது. மதுரைக்கு அனுப்ப மாமனாருக்கு மனமில்லை. "அஞ்சாவது முடிச்ச அன்னிக்கி, சிலேட்டக் குடுத்துட்டுப் போன்னு டீச்சர் சொன்னாக. குடுத்துட்டு வந்துட்டேன்" என்று ஒருமுறை சொன்னாய். பதினாறு வயதில் கல்யாணம், இருபது வயதில் புருஷனைப் புதைத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியது, அதற்குப் பிறகு தையல் மிஷின். என் பாடப் புத்தகங்களை நீ எடுத்துப் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் நான் திருத்தாமல் விட்ட தப்பைக்கூட ஒருநாள் சுட்டிக்காட்டினாய்.

மாநாடு சனிக்கிழமை. அன்று காலையிலும் ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டாய், பிறகு நாம் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். நீ கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டியிருந்தாய். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாய். நான் மேடையேறிப் பேசினேன். நன்றாகவே பேசினேன். கைதட்டினார்கள். கூடை சுற்றிவிட்டு மேடைக்கு வந்தது.

தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குறும்புக்காரர். முதல் சீட்டைப் படித்தார். நீ ஞாயிற்றுக்கிழமை கேட்ட அதே கேள்வி. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. கேள்வியைத் திருப்பிச் சொல்லி, நிதானமாகப் பதில் சொன்னேன். இரண்டாவது சீட்டு, திங்கட்கிழமைக் கேள்வி. மூன்றாவதை எடுத்தவர் படிக்கவில்லை. திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கூடையைக் கவிழ்த்து மேஜையில் பரப்பினார். அதில் இருந்த ஏழும் காலண்டர் தாள்கள், ஏழிலும் உன் கையெழுத்து. வேறு யாரும் எதுவும் எழுதிப் போட்டிருக்கவில்லை.

"ஞாயிறு, திங்கள், செவ்வாய்... சனி வரைக்கும் ஒழுங்கா வந்திருக்கு. கேள்வி கேட்டவர் வாரம் பூராவும் ஒக்காந்து யோசிச்சிருக்கார் போலிருக்கே!" என்றார் தலைவர்.

சபை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அருளாயி, மதினி மேடையில் தவிக்கக் கூடாது என்று, அவள் நன்றாகப் பதில் சொன்ன கேள்விகளையே பொறுக்கிக் கூடையில் போடுகிற யோசனை உன்னைத் தவிர வேறு யாருக்கு வரும்? போடுகிறவள் தாளைத் திருப்பிப் பார்த்துப் போடக் கூடாதா? வீட்டில் நான் வைத்திருந்த பள்ளிக்கூடத்துக் காகிதத்தைச் செலவழிக்கக் கூடாது என்று பார்த்திருப்பாய். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

சிரிப்பு அடங்கியதும் தலைவர் என் பக்கம் திரும்பினார். "இதை எழுதியது யார்னு ஒங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

நீ அங்கே பாதி எழுந்துவிட்டாய். வலது கையைத் தூக்கியிருந்தாய். நான் உன்னைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, "தெரியாது ஐயா" என்றேன்.

நீ உட்கார்ந்துவிட்டாய். எழுந்து உண்மையைச் சொன்னால் மதினி பொய்க்காரி ஆகிவிடுவாள் என்று உட்கார்ந்தாய். அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

தலைவர் சீட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, கேள்வி இருந்தால் வாயாலேயே கேட்கச் சொன்னார். ஆண்கள் பக்கத்தில் ஒரு வாத்தியார் எழுந்தார்.

"இம்புட்டு நேரம் அழகாப் பேசுனீங்க டீச்சர். ஆறாவது இல்லாததால நட்டப்பட்ட ஒரு பொண்ணக் காட்டுங்க. ஒரே ஒருத்தி போதும், நான் கை தூக்குறேன்."

அந்த ஒருத்தி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "அருளாயி, எந்திரி" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உன்னை எழுப்பினால் சீட்டுச் சங்கதியும் சேர்ந்து எழுந்திருக்கும். என் பொய் என் வாயையே கட்டிப்போட்டது. பொதுவாகப் பெண்கல்வி என்று ஏதோ முனகினேன். தலைவர் கை தூக்கச் சொன்னார். எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் தீர்மானம் தோற்றது. ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு மூடப்பட்டது. பெஞ்சுகளை ஆண்பிள்ளைகள் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். பஸ் ஆற்றுப்பாலம் தாண்டியது. பிறகு என் தொடையில் தட்டி, "விடுங்க மதினி, ஒரு வாரத்தக் கூடையில போட்டுட்டோம். நாளைக்கி ஞாயித்துக்கெழமைதான, புதுசா ஆரம்பிப்போம்" என்றாய். ஏன் தெரியாது என்று சொன்னீர்கள் என்று நீ கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் உயிரோடு இருந்தாய். எதை எதையோ கேட்டாய், அதை மட்டும் கேட்கவே இல்லை.

தோற்ற மேடையில் மறுபடி ஏற மாட்டேன் என்று எனக்கு ஒரு வீம்பு வந்தது. ஆனால் மறு வருஷமே நம் பள்ளி வாத்தியார் ஒருவர், மாநாட்டில் பேசப் பெயர் கொடுத்துவிட்டுச் சோறு இறங்காமல் நின்றார். அவரை நம் கூடத்தில் உட்காரவைத்து, நீ எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்தேன். நீ மிஷினில் இருந்தபடியே அவரை வாட்டி எடுத்தாய். அவர் ஜெயித்து வந்தார். அப்படித்தான் இந்த ஆஸ்பத்திரி ஆரம்பித்தது. காய்ச்சலில் விழுவதற்கு முந்தின வாரம்கூட நீ ஒருவரை அழவைத்து அனுப்பினாய். இன்று வரை நம் கூடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போன யாரும் மேடையை விட்டு ஓடியதில்லை என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வேன்.

இந்த வருஷம் வந்தவள் செல்லத்தாய். கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண், நம் பள்ளிக்குப் புதிதாக வந்த டீச்சர். மேனேஜரும் புதியவர். மூடிய ஆறாம் வகுப்பைத் திறக்கத் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன் என்று அவளாகவே சொன்னாள். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. காகிதத் தட்டுப்பாட்டால் இந்த வருஷம் கூடையும் சீட்டும் கிடையாது, எழுந்து நின்றுதான் கேட்க வேண்டும் என்று சங்கம் அறிவித்துவிட்டது. பிள்ளை பயந்துபோனாள்.

"காலு ஆடுது டீச்சர்."

"ஆடட்டும். சேலைக்குள்ளதான ஆடுது, யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். சிரித்துவிட்டாள். ஒரு வாரத்தில் நன்றாகத் தேறினாள். முழுசாகக் கேட்டாள், திருப்பிச் சொன்னாள், பெருமை பேசுகிறவருக்குக் கும்பிடு போட்டாள். கிளம்புகிற அன்று கேட்டாள்: "ஆறாவது இல்லாம நட்டப்பட்டவ ஒருத்தியக் காட்டுன்னு யாராச்சும் கேட்டா என்ன டீச்சர் சொல்ல?"

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாக" என்றேன். எல்லாக் கேள்விக்கும் ஆளைத் தயார் செய்கிறவள், அந்த ஒரு கேள்வியை மட்டும் தள்ளிவிட்டேன். அவள் என்னை நம்பி மேடையேறினாள்.

கேட்டார்கள், அருளாயி. அன்றைக்குக் கேட்டவர் இல்லை, வேறொருவர். ஏறக்குறைய அதே வார்த்தைகள். செல்லத்தாய் கடைசி வரை கேட்டாள். திருப்பிச் சொன்னாள். பிறகு, "அதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்கய்யா. எனக்குத் தெரியாது. சபையில தெரிஞ்சவங்க இருந்தா எந்திரிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாதே. நீ எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன், அவள் அதைச் சபையைப் பார்த்துச் சொன்னாள். நான் எழுந்தேன். எனக்கும் கால் ஆடியது.

"எனக்குத் தெரியும்" என்றேன். "என் நாத்தனார் அருளாயி. எங்கள் ஊரில் ஆறாவது இல்லாததால் ஐந்தாவதோடு சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தவள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தச் சபையில் காலண்டர் தாளில் ஏழு கேள்வி வந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். எழுதியவள் அவள்தான். எனக்குத் தெரியாமல் கூடையில் போட்டாள், ஆனால் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தலைவர் கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னேன். கேள்விக்குப் பதில் சொல்லப் பழக்குகிறவள் என்று என்னைத் தேடி வருகிறீர்கள். என்னைப் பழக்கியவள் அவள். அவளுக்கு ஆறாவது இருந்திருந்தால் அந்த மேடையில் அவள் நின்றிருப்பாள், நான் கீழே உட்கார்ந்து கேட்டிருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர், "அந்த அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா, காலமாயிட்டா" என்றேன். அதோடு உட்கார்ந்துவிட்டேன்.

கேள்வி கேட்ட மனுஷர் நின்றபடியே கையைத் தூக்கினார். தலைவர் இன்னும் ஓட்டெடுப்பு அறிவிக்கவே இல்லை. "இருங்க சார், நான் கேட்டபெறகு தூக்குங்க" என்று தலைவர் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு கேட்டபோது அத்தனை வரிசையிலும் கைகள் எழுந்தன. ஜூனில் வகுப்பு திறக்கிறார்கள். பாடம் எடுக்கப்போவது செல்லத்தாய். போன பிள்ளைகள் போனவர்கள்தான். இந்த ஒன்பது வருஷத்தில் ஐந்தாவதோடு நின்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அதைச் சுமந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

பஸ்ஸில் என்னிடம் நீ ஏன் கேட்கவில்லை, அருளாயி? கேட்டால் மதினிக்குப் பதில் இருக்காது என்று விட்டுவிட்டாயா? அல்லது பதில் உனக்கே தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் நிறைந்த சபையில், அந்த ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து என் வீட்டுக் கையெழுத்து என்று சொல்ல வெட்கப்பட்டேன். உன்னைக் கண்டு வெட்கப்பட்டேன். இப்போது அதை நினைத்துத்தான் வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள்.

ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும், இந்த வகுப்பு எப்படி டீச்சர் வந்தது என்று அவர்களில் ஒருத்தியாவது கேட்பாள். அவள் கேட்டு முடிக்கும் வரை பொறுத்திருப்பேன். பிறகு உன் பெயரைச் சொல்வேன். கேட்கிற ஒவ்வொருத்திக்கும், கேட்கிற ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

எத்தனை தூரத்திலிருந்து பார்த்தாலும் உன் கையெழுத்தைத் தெரிந்த,
உன் மதினி